பத்து நாள் துரைசாணி

வீட்டுக்கு யாராவது வந்து, என் கணவர் மத்தியதரைக் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில், அங்கேயே உட்கார்ந்திருந்தால் வாயைத் திறந்துவிடுவேனோ என்ற பயம்தான். அவர் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார். நீலக் கதவு, வெள்ளைச் சுவர், கப்பல் தளத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நான். மூன்றாவது தீவு வந்ததும் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். ஏன் என்று இங்கே பதுளையில் ஒருவருக்கும் தெரியாது. தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்காக மகன் ஏற்பாடு செய்த பயணம் அது. அவன் இத்தாலியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறான். அவனோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் கிரேக்கத் தீவுகளில் பத்து நாள். நாக்சோஸ், பாரோஸ், அமோர்கோஸ் என்று மூன்று தீவு. ஒவ்வொன்றுக்கும் கப்பல் ஏறி இறங்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அவர் தபாலதிபராக இருந்தவர். அதற்குமுன் நாங்கள் சேர்ந்து கடல் பார்த்தது திருகோணமலையில், அதுவும் ஒரே ஒரு நாள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருவருமே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் பிறந்தவர்கள். அவர் அப்புத்தளைப் பக்கம், நான் மடுல்சீமை. என் அம்மா வெயிலும் மழையும் பாராமல் கொழுந்து பறித்துத்தான் என்னை டீச்சராக்கினாள். இன்றைக்கும் என் தம்பி குடும்பத்தோடு அதே லயத்தில்தான் இருக்கிறாள். பதுளைக்கு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்பாள்.

முதல் கப்பலிலேயே அந்த ஜெர்மன் தம்பதி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். இலங்கை என்று சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. தினமும் காலையில் சிலோன் டீதான் குடிப்பாளாம். நான் சிரித்துவிட்டு என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர், தமிழில் பேசும்போதுகூட வராத ஒரு கம்பீரத்தோடு, ஆங்கிலத்தில் சொன்னார்.

“எங்களுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தானே, இறங்கினால் யாரோ எவரோ என்று விட்டுவிட்டேன். தீவு பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அதே கப்பலில் ஏறி அதே துறையில்தான் இறங்குவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று. அந்த ஜெர்மன்காரர்களும் எங்களைப் போலவே மூன்று தீவுக்கும் சீட்டு எடுத்திருந்தார்கள்.

நாக்சோஸ் உருளைக்கிழங்குக்குப் பேர்போன தீவு. சாப்பாட்டு மேசையில் அதைப் பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் பக்கத்து வெலிமடைக் கிழங்குக்குக் கிட்டவும் வராது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. அவர் இடம் கொடுத்தால்தானே. எங்கள் தோட்டம் இருநூறு ஏக்கர் என்று அளந்துகொண்டிருந்தார். பாரோஸுக்குப் போனதும் அந்த இருநூறு ஏக்கருக்கு நடுவில் ஒரு பங்களாவையும் கட்டிவிட்டார். குளிர்காய நெருப்பு மூட்டும் இடம், கறுப்புப் பியானோ, வாசலில் ரோஜாப் பாத்தி.

அந்தப் பங்களாவை எனக்குத் தெரியும், அப்புத்தளையில் இவர் பிறந்த தோட்டத்தில் இருந்தது. அவருடைய அப்பா அங்கே பூந்தோட்ட வேலை செய்தவர். சின்ன வயதில் அப்பாவோடு கூடப் போய், ரோஜாப் பாத்தியில் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பியானோ அது. உள்ளே அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அதை நினைத்ததும் எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. அந்த இரக்கத்தால் நான் இன்னும் ஒரு தீவு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்படியாக நான் துரைசாணி ஆனேன். தோட்டத்தை நடத்தும் துரையின் பெண்சாதியை அப்படித்தான் சொல்வோம். அவள் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நிற்போம். நானும் நின்றிருக்கிறேன், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு.

அமோர்கோஸில் நாங்கள் நாலு பேரும் ஒரே வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மா ஒருநாள் காலையில், கொதிக்க வைத்துக் குடிக்கிற ஒரு மூலிகை பறிக்கலாம் வாருங்கள் என்று பின்னாலிருந்த மலைக்குக் கூட்டிப்போனாள். கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான மலை. இடுப்பளவு செடிகள். கீழே கடல் மட்டும் இல்லையென்றால் மடுல்சீமைதான். நுனித் துளிர் மட்டும் போதும் என்றாள். குனிந்து இரண்டு துளிர் கிள்ளினேன். அவ்வளவுதான், கைகள் என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு கையும் தனித்தனியாகப் பாய்ந்து பாய்ந்து பறித்தன. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குக் கைகொடுக்க மலைக்குப் போன கைகள் அவை. பிடி நிறைந்ததும் பழக்கத்தில் தோளுக்கு மேலே பின்னால் வீசினேன்.

முதுகில் கூடை இருந்தால்தானே. அத்தனை இலையும் பின்னால் வந்த ஜெர்மன்காரரின் தொப்பியிலும் மூக்குக்கண்ணாடியிலும் போய் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தப் பத்து நாளில் எனக்கு உண்மையாக வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

“இவ்வளவு வேகமாக எங்கே பழகினீர்கள்?” என்று ஜெர்மன் அம்மாள் கேட்டாள்.

அம்மாவிடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“எங்கள் வேலைக்காரிகளிடம் பழகினாள். வேலை தெரிந்தால்தானே அவர்களை வேலை வாங்கலாம்.”

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

“எங்கம்மாவ வேலக்காரியாக்கிட்டீங்க.”

“அப்பிடிச் சொல்லல. பொதுவாத்தான் சொன்னேன்.”

“எனக்குக் கொழுந்து பறிக்கப் பழக்குனது யாரு? பொதுவா யாராவது பழக்குனாங்களா?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். “தபால் கந்தோர்ல முப்பது வருசமா தோட்டக்காட்டான்னு கேட்டாச்சு. மூஞ்சிக்கு நேராவும் கேட்டேன், முதுகுக்குப் பின்னாலயும் கேட்டேன். பத்து நாளு தொரையா இருந்துட்டுப் போறேனே. உனக்கு என்னா கொறஞ்சு போச்சு?”

என்ன குறைந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவரைத் தோட்டக்காட்டான் என்றவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. அதற்காக என் தாயை விட்டுக்கொடுக்க வேண்டுமா? இருந்தும், மறுநாள் காலையில் அதே மேசையில் உட்கார்ந்து, துரைசாணியாகவே பாணும் ஒலிவ் காயும் தின்றேன். போகிற நாளில் நல்ல மனுசர்களின் மனதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதுதான் சரி.

ஊருக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். தீவில் இவர் கொடுத்திருந்த நம்பருக்கு அந்த ஜெர்மன் அம்மாளிடமிருந்து செய்தி வந்தது. இலங்கைக்கு வருகிறார்கள், அப்புத்தளையிலிருந்து ரயிலில் பதுளைக்கு வருவார்கள், எங்கள் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். இவர் செய்தியை இரண்டு தடவை வாசித்தார். பங்களாவுக்குக் கூரை மாற்றுகிறோம் என்று எழுதிவிடச் சொன்னார்.

“வரட்டும். மடுல்சீமைக்குக் கூட்டிப் போறேன். எங்கம்மா கையால தேத்தண்ணி குடிக்கவச்சு, இவங்கதான் எனக்குப் பழக்குனவங்கன்னு சொல்லப் போறேன்,” என்றேன்.

பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சரி, உன் இஷ்டம்,” என்றார். மனுசர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

ஜெர்மன் தம்பதியை ஏற்றிக்கொண்டு வாடகை வேன் மடுல்சீமைப் பாதையில் ஏறுவதற்குள் எலும்பெல்லாம் கழன்றுவிட்டது. இவர் முன்சீட்டில் இருந்தார். லயத்துக்குக் கீழே வேனை நிறுத்தி, படியேறி, நிமிர்ந்து பார்த்தேன்.

வாசலில் அம்மா நின்றாள். இடுப்பில் படங்கு. செடி கீறாமலும் அட்டை கடிக்காமலும் கொழுந்துக்காரிகள் சேலைக்கு மேலே சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு அது. தலையில் துண்டு, அதன்மேல் கயிறு, முதுகில் கூடை. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மலைக்குப் போவதை விட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. முழங்கால் வலியில் அடுத்த வீட்டு வாசலுக்குக்கூடப் போவதில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய கூடை, கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

எங்களைக் கண்டதும் பாதையை விட்டு ஓர் அடி கீழே இறங்கினாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“வாங்க தொர. வாங்க தொரசாணி.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜெர்மன் அம்மாள் சந்தோஷமாகக் கையடக்கப் போனைத் தூக்கினாள். “இவர்கள் உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களா?” என்று கேட்டாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என்ன கேட்டிருப்பாள் என்று புரிந்துகொண்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“ஆமான்னு சொல்லு புள்ள. மாப்பிள்ள முந்தாநேத்தே போன் பண்ணிட்டாரு. கூடையோட நிக்கச் சொன்னாரு.”

“படம் எடுக்க வேண்டாம்,” என்றேன் ஆங்கிலத்தில். “இது என் அம்மா. எனக்குக் கொழுந்து பறிக்கப் பழக்கியவர். நான் பிறந்த வீடு இது. எங்களுக்குத் தோட்டம் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை.”

அவள் போனை இறக்கினாள். திரும்பி என் கணவரைப் பார்த்தாள். அவர் வேனின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மாவின் தலையிலிருந்து கயிற்றை எடுத்துக் கூடையை இறக்கினேன். படங்கை அவிழ்க்க மண்டியிட்டேன். முடிச்சு இறுகியிருந்தது. ஆத்திரத்தில் என் விரல் நடுங்கி, பிடி கிடைக்கவில்லை. இவரை என்ன செய்தால் தகும் என்று நினைத்தேன். அந்தத் தீவின் மலையில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா இன்றைக்கு இதைக் கட்டியிருக்க மாட்டாள் என்றும் நினைத்தேன். அம்மா என் தலையில் கையை வைத்தாள்.

“ஏன் புள்ள இப்பிடி நடுங்குற? நான் ஏதும் மாத்திச் சொல்லிட்டேனா?”