என் கன்னத்துச் செல்லும் தலையில் ஒட்டிய பஞ்சும்

போன வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயம். வேலம்பாளையம் பக்கம் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்ப்பதும், பிசிறை வெட்டி எடுப்பதும்தான் வேலை. அன்று மத்தியானம் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு, தலை நிறையப் பஞ்சோடு அப்படியே ஓடினேன்.

மகள் ஒரு மேசையில் மைக்ராஸ்கோப் வைத்திருந்தாள். மனிதச் செல்லைக் காட்ட என் கன்னம்தான் வேண்டுமாம். "வாயத் தொறம்மா" என்று பல்குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி வைத்து மூடினாள். எட்டிப் பார்த்தேன். தட்டைத் தட்டையாய்ச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் பொட்டு. அதுதான் உட்கருவாம். என் வாய்க்குள் இத்தனை அழகா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அந்தச் செல்களுக்குக் குறுக்கே முறுக்கிய ரிப்பன் மாதிரி ஒன்று கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பஞ்சு இழை. என் தலையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் அதன் நுனி கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிசிறைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? மகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பையிலிருந்த, பிசிறு வெட்டும் டிரிம்மர் கத்தரியால் நுனியைப் பிடித்து இழுத்தேன். மேல் கண்ணாடி வழுக்கிக் கீழே விழுந்து நொறுங்கியது. செல்லெல்லாம் சாயத்தோடு மேசை விரிப்பில்.

"என்னம்மா பண்ணீட்ட!"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள் என்பதால் ஒரு மாதமாய்ப் பாடுபட்டவள். நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியையோ அடுத்த மேசைக்கே வந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "அழுகாத கண்ணு, இன்னொருக்கா சொரண்டு" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அவசர அவசரமாக இன்னொன்று தயாரானது. நடுவர் குனிந்து பார்த்தார். "குறுக்கால ஒண்ணு கிடக்குதே, அதென்ன கண்ணு?"

மறுபடியும் பஞ்சு! பாழாய்ப்போன என் தலை. மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பஞ்சுங்க மேடம். எங்கம்மா பனியன் கம்பெனில இருந்து நேரா வந்தாங்க" என்றாள், குரலே எழும்பாமல்.

"சரி, பஞ்சு எங்கிருந்து வருது?"

"பருத்தி விதை மேல வளருதுங்க..." என்று இழுத்தவள், சட்டென்று மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். "அப்ப இதுவும் செல்லுங்களா மேடம்?"

"ஒரு இழை முழுசும் ஒரே ஒரு செல்லுதான். விதைத் தோல்ல இருக்கற செல்லு அப்படியே நீண்டு வளர்ந்துருது. இப்பக் காஞ்சு போய்ச் செல்லோட சுவர் மட்டும் மிச்சம்" என்று சிரித்தார் அவர்.

என் மகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! "விலங்குச் செல்லு, தாவரச் செல்லு ரெண்டும் ஒரே கண்ணாடில இருக்குதுங்க!" என்று கத்தியேவிட்டாள். பாடப் புத்தகத்தில் அவை இரண்டையும் தனித்தனிப் படமாகத்தான் போட்டிருப்பார்களாம். உடனே மேசை முன்னால் இருந்த அட்டையை மாற்றி எழுதினாள். அப்புறம் வரிசை வாசல் வரை போனது. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வாயையும் தலையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "செல்லும் எங்கம்மாவுதுங்க, பஞ்சும் எங்கம்மா கொண்டாந்ததுங்க" என்று என்னைக் கைகாட்டிச் சத்தமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

முதல் பரிசு ராக்கெட் செய்த பெண்ணுக்குப் போனது. இரண்டாவது எங்களுக்கு. அந்தப் பெண்ணும் என் மகளும் மாவட்டக் கண்காட்சிக்குப் போனார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால், மகளின் பள்ளிக்குப் போனால் யார் கண்ணிலும் படாமல் ஓரமாக நின்றுவிட்டு வருவதுதான் அதுவரை என் வழக்கம். அன்று ஊரைக் கூட்டி என்னைக் காட்டினாளே என் மகள், அதன் பிறகு எந்தப் பெற்றோர் கூட்டம் என்றாலும் நான் முன் வரிசையில்தான் உட்காருகிறேன்.