பதினோரு ஆள் பாரத்தோடு பொன்முடிக்கு ஒரு பழைய பிக்கப்

பழைய வண்டியில் திருவனந்தபுரத்துப் பொன்முடி மலை ஏறலாமா என்று போன பதிவின் கீழே மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஏறலாம். இறங்குவதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1981 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்வந்த பயணம் இது. அதற்குப் பிறகு எத்தனையோ மலை ஏறிவிட்டேன், அந்த ஒரு நாள் மாதிரி வாயடைத்துப் போய் உட்கார்ந்ததில்லை. வாயடைப்பது என் சுபாவம் இல்லை என்பது என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நானும் என் வீட்டுக்காரரும் தோவாளையில் பூ வாங்கித் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பஸ் கூரையில் போகிற பூ வெயிலில் வதங்கி, போய்ச் சேரும்போது பாதி விலைக்குத்தான் தேறும். சொந்த வண்டி வேண்டும் என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்த சமயத்தில், குலசேகரம் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் 1947 மாடல் அமெரிக்கப் பிக்கப் ஏலத்துக்கு வந்தது. நீண்ட மூக்கு, பூசணிக்காயாக உப்பிய மட்கார்டுகள், ஏறி நிற்க இரண்டு பக்கமும் படிப்பலகை. வாங்கலாம் என்றது நான். வேண்டாம் என்றவர் அவர்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அது லிட்டர் பெட்ரோலுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் ஓடும் என்று. பூ விற்ற காசெல்லாம் டாங்க்குக்குள் போனது. ஆறு மாதம் பொறுத்த என் வீட்டுக்காரர் ஒரு நாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

“இந்த ஒருக்காதான் பாத்துக்கிடு. டீசலுக்கு மாத்து. மாத்தி முடிச்ச வாரமே வண்டி பொன்முடி ஏறி எறங்கி, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு ஒர்க்‌ஷாப்புல வந்து நிக்கணும். நான் வந்து பாப்பேன். நிக்கலைன்னா திங்கக்கெழம காயலான் கடைக்காரன் வருவான்.”

பொன்முடி என்று அவராகச் சொல்லவில்லை. அது திருவனந்தபுரம் கரமனையில் நாங்கள் வண்டியை ரிப்பேருக்கு விடும் கணபதி மேஸ்திரியின் வழக்கம். தெரு முழுக்க ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போகிற அக்ரஹாரத்தில் பிறந்து, பூணூலில் கிரீஸ் படிய வேலை செய்தவர் அவர். ஐம்பது வயதிருக்கும். எந்த வண்டியானாலும் எஞ்சின் மாற்றினால் பாரம் ஏற்றிப் பொன்முடியின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவும் ஏற்றி இறக்காமல் சாவியைக் கொடுக்க மாட்டார்.

சனிக்கிழமை மதியம் 2.15க்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். அறுபத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆறரை ரூபாய். தம்பானூரில் இறங்கும்போது மணி 4.35. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கரமனை, முப்பது காசு. ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற என் வண்டியை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மட்கார்டுகளின் ஒடுக்கைத் தட்டி எடுத்து, கரும்பச்சை அடித்திருந்தார்கள். பானெட்டைத் தூக்கினால் உள்ளே புது நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆறு வோல்ட் வயரிங்கைப் பிடுங்கிப் பன்னிரண்டு வோல்ட்டாக்கி, பிரேக்கையும் முழுக்கப் புதுப்பித்திருந்தார்கள். ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று தரை அதிர்ந்தது. நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வண்டியா இது என்று சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது.

அன்று மேஸ்திரி வீட்டிலேயே தங்கினேன். காலை ஆறரைக்கு வாசலுக்கு வந்தால், பாரத்துக்கு ஏற்றுவார்கள் என்று நான் நினைத்திருந்த மணல் மூட்டைகளை வண்டியின் பின்பக்கம் காணோம். மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் மனைவி கோமதி மாமி, அவர் தங்கை, மச்சினர், வெல்டர் தங்கப்பன், தங்கப்பனின் மனைவி, ஒர்க்‌ஷாப் ஆட்கள், அவர்கள் வீட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பேர். கூடவே மூன்று தூக்குவாளி, ஒரு தார்ப்பாய்.

“சாமி, பாரம் ஏத்தணும்னு சொன்னியளே, கல்யாணத்துக்குப் போற மாதிரில்லா இருக்கு?” என்றேன்.

“இதுதான் பாரம்” என்றார் மேஸ்திரி. “மணல் மூட்டை வாயைத் திறந்து பேசுமோ? மனுஷா சொல்லுவா, எங்கே தட்டறது, எங்கே ஆடறதுன்னு. நீங்கோ முன்னாடி ஏறுங்கோ.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் இருந்தது. இடது பின் சக்கரத்துக்கு நேர் மேலே மாமி, வலது பக்கம் மச்சினர், நடுவில் பின்சக்கரத்தை ஓட்டும் தண்டு சுழலும் இடத்துக்கு மேலே தங்கப்பன். யாரும் இடம் மாறி உட்காரவில்லை.

6.40க்குக் கிளம்பினோம். நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர், 7.25க்குப் போய்ச் சேர்ந்து டீ குடித்தோம். அதைத் தாண்டி நாலு மைல் போயிருப்போம், முதுகுக்குப் பின்னால் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மாமிதான்.

“ஏன்னா, எடப்பக்கம் பின்னாலே கிர்ங்கறது. குழியிலே இறங்கறச்சே மட்டுமாக்கும்.”

மேஸ்திரி உடனே பிரேக்கை மிதித்தார். ஓரம் கட்டி, கீழே படுத்து, ஸ்பிரிங் பட்டையின் ஒரு போல்ட்டை ஒன்றரைச் சுற்று முறுக்கினார். சத்தம் நின்றது. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பட்டுக் கரை போட்ட சேலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைத் திரும்பி ஒரு முறை பார்த்தேன். அவர் பாட்டுக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

விதுரை தாண்டிக் கல்லாறு வரும்போது மணி 9.10. உருண்டைக் கற்களுக்கு நடுவே ஓடுகிற அந்தத் தண்ணீரில் காலை வைத்தால் உச்சந்தலை வரை ஜில்லென்று ஏறும். இட்லி சாப்பிட்டோம். கடைசி டீக்கடையும் இங்கேதான், அதை மனதில் வையுங்கள். பத்து மணிக்கு வளைவுகள் தொடங்கின. முதல் ஆறும் இரண்டாவது கியரில் அலட்டாமல் ஏறியது. ஒன்பதில் முதல் கியர். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணினார்கள். பழைய எஞ்சினாக இருந்திருந்தால் இதற்குள் மூன்று தடவை ஆவி பறக்க நின்றிருக்கும். பதினான்கில் ஒரு தடவை நிறுத்தி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, மறுபடி ஏறினோம். 11.20க்கு உச்சி.

மரமெல்லாம் கீழே நின்றுவிட, வெறும் புல். பார்க்கும் திசையெல்லாம் மலை முதுகு மலை முதுகாகப் புல். மேகம் நம் முழங்காலுக்குக் கீழே போகிறது. பூக்கூடையையும் தராசையும் பார்த்தே பழகிய என் கண்ணுக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது. இத்தனை பேரைச் சுமந்துகொண்டு என் வண்டி அங்கே ஏறி நிற்கிறது என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். புளியோதரையும் தயிர்சாதமும் வெளுத்து வாங்கினோம்.

இரண்டு மணிக்கு வானம் கறுத்தது. பொன்முடியில் கோடையிலும் மத்தியானத்துக்கு மேல் மழை உண்டு என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. எல்லோரும் தார்ப்பாய்க்குள் நுழைய, மேஸ்திரி எஞ்சினைப் போட்டு, வைப்பர் குமிழைத் திருகினார். அசையவில்லை. மறுபடி திருகினார். பிறகு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டுவிட்டார்.

“என்ன சாமி?”

“என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இதோட வைப்பருக்கு மோட்டார் கிடையாது. பெட்ரோல் எஞ்சின் மூச்சு இழுக்கும் பாருங்கோ, அந்த இழுப்பிலே ஒரு ரப்பர் குழாய் வழியாத்தான் அது ஆடும். டீசலுக்கு அந்த இழுப்பே இல்லை. குழாய் டாஷ்போர்டுக்குப் பின்னாலே சும்மா தொங்கறது. ரெண்டு மாசமா வேலை பாத்தோம். வெயில் காலம், ஒருத்தரும் வைப்பரைப் போட்டே பாக்கலை.”

முப்பத்து நாலு வருஷம் ஒரு எஞ்சினின் மூச்சில் கண்ணாடி துடைத்த வண்டி! கோபத்துக்கு நடுவிலும் எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் கோபம்தான். நன்றாகக் கத்தினேன். மூன்று மணியாகியும் மழை விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் வந்து காலி ஒர்க்‌ஷாப்பைப் பார்ப்பார். திங்கட்கிழமை என் வண்டியைக் கிலோ கணக்கில் வெட்டிக்கொண்டு போவார்கள். அழுகை முட்டியது.

மாமி முன்னால் வந்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து புகையிலையை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்தார். தண்ணீர் துளியாக நிற்காமல் வழிந்தது. கொஞ்சம் தெரிந்தது, ஆனால் வளைவுகளுக்கு அது போதாது. வெளியே இறங்கி வைப்பர் கையைக் கையால் தள்ளிப் பார்த்தேன். லேசாக நகர்ந்தது. இரண்டு கைகளும் உள்ளே ஒரே கம்பியில் கோர்த்தவை, ஒன்றை இழுத்தால் மற்றதும் போகிறது. பூக்காரி பையில் வாழைநார் இல்லாமல் இருக்குமா? மழையில் நனைத்து, மூன்று பிரியாகப் பின்னி, இரண்டு கயிறு திரித்து, இரண்டு வைப்பர் கையிலும் ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஒன்றை இடது ஜன்னல் வழியாக நான் பிடித்துக்கொண்டேன். மற்றது வலது ஜன்னல் வழியாக மேஸ்திரியின் தோளுக்கு மேலாக வந்து, நடுவில் உட்கார்ந்த மாமியின் கையில்.

மேஸ்திரி எல்லோரையும் பஸ்ஸில் மலை இறங்கச் சொன்னார். 3.30க்கு ஒரு பஸ் இருந்தது. தார்ப்பாய்க்குள்ளிருந்து தங்கப்பன் குரல் மட்டும் வந்தது: “பிரேக் நம்மள் கெட்டியதல்லே சாமி? பின்னே எந்தினு பேடிக்கணும்? வண்டி எடுங்க.”

நாம் பூட்டிய பிரேக், நமக்கென்ன பயம் என்று அவர் மலையாளத்தில் கேட்டதும் ஒருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மாமியின் இடத்தில் தங்கப்பனின் மனைவி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

3.25க்கு இறங்கத் தொடங்கினோம். நான் ஒரு இழுப்பு, மாமி ஒரு இழுப்பு. தாளம் தவறாமல் இருக்க மாமி “ராமா” என்று இழுத்தார், நான் “கிருஷ்ணா” என்று இழுத்தேன். மூன்றாவது வளைவில் பின்னால் இருந்தவர்கள் அதையே பஜனையாக்கிவிட்டார்கள். முதல் கியர், சைக்கிள் மிதிக்கிற வேகம். இடையிடையே பாட்டை நிறுத்தி “வலப்பக்கம் சூடு வாசனை” என்று மச்சினர் குரல் கொடுப்பார். மேஸ்திரி நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி இறக்குவார். என் உள்ளங்கை நாரில் அறுபட்டு எரிந்தது, நிறுத்தத் தோன்றவே இல்லை. தன் கையால் பூட்டிய பிரேக்கை நம்பி வீட்டாரை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர் ஒரு பக்கம், அவரை நம்பி மழையில் பாடிக்கொண்டு வருகிற பதினோரு பேர் ஒரு பக்கம். மலையைவிட இவர்கள் எனக்குப் பெரிதாகத் தெரிந்தார்கள்.

கல்லாற்றில் 4.40. அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. கரமனை ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றபோது மணி 6.25. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். நார்க்கயிற்றைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி இறங்கிவந்து கை கூப்பினார்.

“ஏறி இறங்கியாச்சு. ஆனா நாளைக்கு வண்டியைத் தர மாட்டேன். வைப்பர் ஆடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியலை. தப்பு என்னோடதாக்கும். மின்சார மோட்டார் வைக்க ஒரு வாரம் ஆகும். அதுக்கு மேலே உங்க இஷ்டம்.”

மறைத்திருக்கலாமே, பாவி மனிதர்! என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய், இறங்கிக்கொண்டிருந்த ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசி ஆள் இறங்கியதும் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, இடது மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“செரி சாமி, மோட்டார வையும். அடுத்த ஞாயித்துக்கெழம திரும்ப ஏத்தணும்லா? எனக்கு இந்த எடம் போதும்.”

அந்த வண்டி அதற்குப் பிறகு பதினோரு வருஷம் எங்கள் பூவைச் சுமந்தது.

இனி உங்களுக்கு. பின்பக்கம் ஆளேற்றிப் போவதெல்லாம் இப்போது செய்யக்கூடாது, போலீஸ் விடாது, விடவும் வேண்டாம். கல்லாற்றை எட்டரைக்குள் தாண்டுங்கள், பகல் ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்றுங்கள். பழைய பெட்ரோல் வண்டியை டீசலாக்குகிறவர்கள், எஞ்சினின் இழுப்பில் வேறு எதெல்லாம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். வெயில் காலமானாலும் கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வைப்பரைப் போட்டுப் பாருங்கள்.

நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். வண்டி தயார் என்று அவர் சொல்லும்போது, உங்கள் வீட்டு ஆட்களை இதில் ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். அவர் வீட்டுக்குள் பார்த்து, “கெளம்புங்கோ” என்று குரல் கொடுத்தால், தைரியமாகச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.