பனிநாட்டு நொதியும் காஞ்சிபுரத்து வெயிலும்

நொதியின் உருவத்தைக் கண்டுபிடிக்கும் தொழிலில் பாதி நாள் காத்திருப்பதில் போகும், மீதி நாள் அதைக் காப்பாற்றுவதில் போகும். ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். உறைபனி மண்ணில் வாழும் பாக்டீரியாவின் நொதி ஒன்று எனக்கு வாய்த்தது. கடுங்குளிரிலும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நம் ஊர்ச் சூடு பட்டால் குலைந்துவிடும்.

ஐஸ் கட்டி

ஒரு மே மாத மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கைவிட்டது. குளிர் அறையில் மூன்று வாரம் சுத்திகரித்த நொதி. மொபெட்டை எடுத்துக்கொண்டு ஐஸ் கடைக்குப் பறந்தேன். "மீன் எவ்ளோ இருக்குதுமா?" என்றார் கடைக்கார பாய். "மீன் இல்ல பாய், பாக்டீரியாவோட சரக்கு. சூடு பட்டா கெட்டுடும்" என்றேன். ஐஸ் பாரை உடைத்துச் சாக்கில் சுற்றி அவரே வண்டியில் கட்டிவிட்டார்.

நொதி பிழைத்தது. மறுநாள் சாக்கைத் திருப்பிக் கொடுத்தபோது சிரித்தார்: "ஊரே கிருமிய சாவடிக்க மருந்து தேடிக்கினு இருக்குது, நீ ஒருத்திதாம்மா அதுக்கு வைத்தியம் பாக்கற!"

மைசூர்பாகு

உருவம் தெரிய வேண்டுமானால் நொதியைப் படிகமாக்க வேண்டும். ஒரு வருடமாக அதை உப்புக் கரைசலோடு கலந்து சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. ஆடிக்குள் வராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் வழிகாட்டிப் பேராசிரியர்.

ஒரு காலை மைக்ராஸ்கோப்பில் பளபளவென்று படிகம்! உடனே மைசூர்பாகு வாங்கி வந்துவிட்டேன். ஆய்வக உதவியாளர் சரளா அக்கா நிதானமாக ஊசியை நீட்டினார். நொதிப் படிகம் என்றால் தொட்டதும் உதிரும். நான் குத்தியதும் இது 'நறுக்' என்று உடைந்தது. வெறும் உப்பு. கண் கலங்கி உட்கார்ந்துவிட்டேன். அக்கா மைசூர்பாகைப் பிரித்தார்: "இத திருப்பிக் குடுக்க முடியாது மேடம். நீங்க நொதிய பாருங்க, இத நான் பாத்துக்கறேன்."

ஆயில் இன்ஜின்

உப்பைக் குறைத்துப் புதிய சொட்டுகள் வைத்தேன். ஆடி பிறக்கும் முன்பே, ஊசி பட்டதும் உதிரும் படிகங்கள் வந்தன. ஐஸ் நிரப்பிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பெங்களூர் போய், எக்ஸ்ரேயில் படமெடுத்தேன். மாதக்கணக்கில் கணக்குப் போட்டதும் உருவம் தெளிந்தது.

திருப்புட்குழியில் பயிர் வைக்கும் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். "இறுக்கமா இல்லாம தளர்வா இருக்குதுப்பா. அதான் குளிர்லயும் அசையுது, சூட்டுல குலையுது." அப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கவலையோடு கேட்டார்: "அப்ப நம்ம ஆயில் இன்ஜின் நட்ட ரொம்ப முடுக்கிட்டனா? மார்கழியானா மக்கர் பண்ணுதே!"

பனிநாட்டை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை; அங்கிருந்து வந்த நொதியில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் மட்டும் தூக்கத்திலும் சொல்வேன்.