வாளிக்குள் முகம் மாட்டிய மான்

எங்கள் வீட்டுப் பழைய புகைப்படம் ஒன்றின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "மான் விடுபட்ட நாள். ஆவணி, ஞாயிறு, மத்தியானம்." ஆண்டு இல்லை. மின்சாரச் சிட்டைகளைக்கூட ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கிற மனிதர், எங்கள் வீட்டில் நடந்த ஒரே பெரிய சம்பவத்துக்கு ஆண்டு எழுதாமல் விட்டுவிட்டார். கேட்டால், "அந்த நாளை ஆர் மறக்கப்போகினம் எண்டு நினைச்சனான்" என்கிறார். ஆண்டை நானேதான் பிடித்தேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து, ரியூசன் இல்லாமல் நான் தெருவில் திரிந்த ஆவணி ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்குப் பத்து வயது.

திருகோணமலை நகரத்தில் மான்கள் தெருவில் திரியும். வெளியூர்க்காரர் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள்; நாங்கள் மணியடித்து விலக்கிக்கொண்டு போவோம். கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் கருகிப்போகிற மாதங்களில் அவை கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி எங்கள் கடற்கரைத் தெரு வரைக்கும் வரும். எதிர்வீட்டு மாமிக்கு மட்டும் அது பெரிய தொல்லை. அவருடைய செவ்வரத்தைச் செடியில் ஒரு மொட்டாவது விரிந்து நான் பார்த்ததில்லை. எல்லாம் மானின் வயிற்றுக்குள்தான் விரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் மின்வேலை. காலையில் போனால் இருட்டும் நேரம்தான் வருவார். அம்மா வடக்கே காட்டோரத்தில் இருக்கிற திரியாய்க்காரி. தன் ஊரில் படலையைத் திறந்தால் பத்துப் பேரோடு கதைத்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவாராம். இந்தத் தெருவில் யாரும் அவரோடு சண்டை பிடிக்கவில்லை, கதைக்கவும் இல்லை. புதிதாக வந்தவர்கள் எத்தனை நாளைக்கு இருப்பார்களோ என்று ஒதுங்கியிருந்தார்களோ என்னவோ.

அம்மா மத்தியானம் சோறு வடித்ததும் கஞ்சித் தண்ணியை ஒரு பழைய பெயின்ற் வாளியில் ஊற்றி படலைக்கு வெளியே வைப்பார். பிறகு பானையின் அடியைக் கரண்டியால் கரகரவென்று சுரண்டுவார். எங்கிருந்தாலும் அந்தச் சத்தத்துக்குச் சின்னக் கொம்பு வைத்த ஒரு கலைமான் வந்துவிடும். அது குடிக்கும்; அம்மா நிலையில் சாய்ந்து நின்று அதனோடு கதைப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். எதிர்வீட்டு மாமி ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, எங்களுக்குக் கேட்கிற அளவு குரலில் சொன்னார்: "காட்டுப் பக்கத்தால வந்தவை மானோடதானே கதைப்பினம்."

அம்மா வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அடுத்த நாளும் கஞ்சி வைத்தார்.

வெள்ளிக்கிழமை அந்த வாளியே வினையானது. மான் தலையை ஆழமாக விட்டுக் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது, வாளியின் கம்பிப் பிடி கொம்புகளுக்குப் பின்னால் போய்க் கொழுவிக்கொண்டது. வாளி மூஞ்சியை மூடி, கண்ணையும் மறைத்துவிட்டது. மான் இரண்டு முறை சுற்றியது, மதிலில் மோதியது, பிறகு கடற்கரைப் பக்கம் ஓடிப்போனது. பச்சை வாளியைத் தலையில் போட்ட மானைப் பார்த்து நான் கைகொட்டிச் சிரித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

"அது இனித் தண்ணி குடிக்க ஏலாது" என்றார் அம்மா.

சனிக்கிழமை முழுவதும் தெரு அந்த மானுக்கு உதவி செய்தது. உதவியின் அளவைப் பார்த்தால் மான் அன்றே செத்திருக்க வேண்டும். ஐந்தாறு பேர் ஒரு பக்கமிருந்து துரத்த, ஐந்தாறு பேர் மறுபக்கம் கையை விரித்து நின்றார்கள். அது காலடிச் சத்தம் கேட்டாலே பாய்ந்தது. தெரு முடக்கில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா வாழைப்பழச் சீப்போடு வந்து, "வா வாப்பா, வா" என்று கெஞ்சினார். வாய் வாளிக்குள் இருக்கிற மானுக்கு வாழைப்பழம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் சல்லிக் கிராமத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அண்ணன் தன் வீச்சுவலையோடு வந்தார். கடலில் குறி தப்பாதவர். வலை வட்டமாக விரிந்து போய், அழகாக, எதிர்வீட்டு மாமியின் செவ்வரத்தையின் மேல் விழுந்தது.

"மான் திண்டாலாவது கொப்பு மிஞ்சும்!" என்று மாமி கத்தினார். பிறகு எங்கள் படலையைப் பார்த்து, "எல்லாம் ஒரு வாளியால வந்த வினை" என்றார்.

அன்று அம்மா சாப்பிடவில்லை, தண்ணியும் குடிக்கவில்லை. அப்பா தணிந்த குரலில் கேட்டார்: "நீ பட்டினி கிடந்தா அதுக்கு வயிறு நிறையுமோ?"

"வாளி என்ரதானே" என்றார் அம்மா.

ஞாயிறு மத்தியானம், எங்கள் படலை தெரிகிற தூரத்தில் கரையில் வள்ளங்கள் ஏற்றி வைத்திருந்த இடத்தில், மான் ஒரு வள்ளத்தின் நிழலில் நின்றது. கால்கள் நடுங்கின. கயிறு, வலை, படுக்கைவிரிப்பு என்று தெருவே ஆயத்தமாக நின்றது. தோகாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த எதிர்வீட்டு மாமியின் மகன் கமெராவோடு நின்றார். மீன்கார அண்ணன் வலையை உதறினார். மான் காதை அசைத்தது. இன்னுமொரு முறை ஓடினால் எங்காவது விழுந்துவிடும் என்று சின்னப்பிள்ளையான எனக்கே தெரிந்தது.

அப்போது அம்மா கஞ்சிப் பானையோடும் கரண்டியோடும் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"எல்லாரும் இருங்கோ!"

அம்மாவின் சத்தத்தை அந்தத் தெரு அதற்கு முன் கேட்டதில்லை. நானும்தான்.

"எங்க தங்கச்சி இருக்கிற?" என்றார் நானா.

"நிலத்திலதான். காலடிச் சத்தம் கேக்கக்கூடாது. நீங்களும்தான் அண்ணை, வலையைக் கீழ வையுங்கோ."

முதலில் நானா சாரத்தை ஒதுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக இருந்தார்கள். செத்தவீடு தவிர வேறெதற்கும் எங்கள் தெரு அப்படி ஒன்றாக நிலத்தில் இருந்ததில்லை. கடைசியாக எதிர்வீட்டு மாமி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "என்ர தலைவிதி" என்று இருந்தார்.

அம்மா பானையைச் சுரண்டினார். கரகர. மான் அசையவில்லை. மறுபடி சுரண்டினார். வாளி மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் கால் எழவில்லை. சத்தத்தோடு இன்னொன்றும் வேண்டியிருந்தது என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் ஒரு கணம் எங்கள் எல்லாரையும் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு நாளும் நிலையில் சாய்ந்து நின்று கதைப்பதைப் போலவே கதைக்கத் தொடங்கினார்.

"வா ராசா. இண்டைக்குக் கஞ்சி கொஞ்சம் தடிப்பு. உப்பும் போட்டிருக்கு. வேற என்ன புதினம் சொல்ல? ஒரு புதினமும் இல்லை. எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வாறதுமில்லை, கூப்பிடுறதுமில்லை. உன்னை விட்டா நான் ஆரோட கதைக்கிறது, சொல்லு பாப்பம்?"

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்குள் கதைக்கிற கதையைத் தெருவுக்கே கேட்கச் சொல்கிறாரே! பக்கத்தில் எதிர்வீட்டு மாமி தலையைக் குனிந்து மணலில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். மணலில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மான் வந்தது. ஒரு அடி வைக்கும், நிற்கும், வாளி கல்லில் இடிபடும், மறுபடி ஒரு அடி. அம்மா கதையை நிறுத்தவே இல்லை. திரியாயில் தன் அண்ணன் வயலில் யானை வந்த கதை, என் பரீட்சைக் கதை, அரிசி கல்லாக இருந்த கதை. வாளி அம்மாவின் வயிற்றில் முட்டியது. அம்மா கதைத்துக்கொண்டே இடது கையால் அதன் கழுத்தைத் தடவி, வலது கையால் கம்பிப் பிடியைக் கொம்புகளுக்கு மேலால் தூக்கினார். மான் தலையை ஒரு இழுப்பு இழுத்தது. வாளி அம்மாவின் கையிலும், அம்மா மணலிலும், மான் வெளிச்சத்திலும் ஆனார்கள்.

தெரு எழும்பிக் கத்திய கத்தலில் மான் கடல் வரைக்கும் ஓடியிருக்க வேண்டும். அது ஓடவில்லை. பானைக்குள் தலையை விட்டு, உறிஞ்சி உறிஞ்சி, அடி தெரியும் வரைக்கும் குடித்தது. மீன்கார அண்ணன் விசில் அடித்தார். நானா கடைக்கு ஓடி ஒரு சோடாவை உடைத்துக்கொண்டு வந்து, "குடிங்க தங்கச்சி, நீங்களும் ரெண்டு நாளாக் குடிக்கல்லயாம்" என்றார். அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று தெரியவில்லை, அப்பா சொல்லியிருப்பார். மான் கடைசியாக நிமிர்ந்து, நிதானமாக நடந்து போய், வலைக்குத் தப்பியிருந்த செவ்வரத்தைக் கொப்பைக் கடித்தது.

எல்லாரும் எதிர்வீட்டு மாமியைப் பார்த்தார்கள்.

"தின்னட்டும், விடுங்கோ" என்றார் மாமி.

படம் அந்த நேரத்தில்தான் எடுபட்டது. மணலில் கால் நீட்டி இருக்கிறார் அம்மா; மடியில் வாளி; வாய் திறந்த சிரிப்பு. மானின் பின்பக்கம் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அந்த நாளில் வென்றது மான் என்றே நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கட்டுரை எழுதினேன். அதற்குப் பிறகு எங்கள் படலை மூடிக் கிடந்ததே இல்லை என்பதையும், தெரு முழுவதும் அம்மாவை "மான் அக்கா" என்று கூப்பிடத் தொடங்கியதையும் நான் அந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அவை எனக்குச் சம்பவங்களாகவே தெரியவில்லை.

பழைய படங்களை இந்த வருஷம் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கியபோது இன்னொன்று தெரிந்தது. அம்மாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாசல் திறந்திருக்கிறது. உள்ளே கதிரையில் ஒரு மண்ணிறப் பயணப் பை, வாய் மூடியபடி. அதன்மேல் அம்மாவின் குடை. ஊருக்குப் போகும்போது தவிர அம்மா குடை எடுப்பதில்லை. திரியாய் பஸ் ஞாயிறுகளில் அப்போது பின்னேரம் வெளிக்கிடுமா என்று விசாரித்துப் பார்த்தேன். நினைவில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. அம்மாவைக் கேட்டேன். "தோய்க்கக் கட்டின உடுப்பா இருக்கும்" என்றார். அப்பா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சம் காணாது, ஒண்டும் விளங்கேல்லை" என்றார்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அப்போது எங்கள் வீட்டில் நல்ல கதிரை அது மட்டுமே. அன்று பின்னேரம் எதிர்வீட்டு மாமி முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் தேத்தண்ணி குடித்தார். அவர் இருப்பதற்காக அம்மா பையைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்திருக்க வேண்டும். அதற்குள் என்ன இருந்தது என்பதை இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.