ரெட்டியபட்டிக் காட்டில் கிறிஸ்துமஸ் மரம் பிடுங்கிய கதை

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: அருப்புக்கோட்டையில் என் நண்பன் செல்வின் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் இந்த முறை மூன்று பேரைக் குத்தியது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு ஜோடி செருப்பு மட்டும் மீட்க முடியாத நிலையில் இருக்கிறது.

செல்வின் வீட்டில் ஆண்டுதோறும் சவுக்கு மரத்தின் நுனியை வெட்டி வந்து நட்டு வைப்பார்கள். பைன் மரத்துக்கு நாங்கள் எங்கே போவது? அதை வெட்டினால் ஃபைன் வேறு போடுவார்கள். இந்த டிசம்பரில் அவன் தங்கை ஸ்டெல்லா, ஆறாம் வகுப்பு, போர்க்கொடி தூக்கினாள்.

"பத்து நாளு வேடிக்கை பாக்க ஒரு மரத்தக் கொல்லணுமா? சவுக்கு வந்துச்சுன்னா நான் குடில் முன்னாடி பாட மாட்டேன்."

சரி, பிளாஸ்டிக் மரம் வாங்கலாம் என்றால், "அது குப்பைக்குப் போனா மக்கவே மக்காது" என்றாள். அவள் பாடாவிட்டால் செல்வின் பாட வேண்டியிருக்கும். பிரச்சினையின் தீவிரம் இப்போது புரிந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெட்டினால் ஊரே கைதட்டுகிற மரம் ஒன்று நம் பக்கம் இருக்கிறதே! சீமைக் கருவேலம். கண்மாயையும் தரிசையும் வளைத்துப் போட்டு, வேறு எதையும் முளைக்க விடாத முள் மரம். எம்.ரெட்டியபட்டியில் என் முத்துமாரி அத்தையின் மானாவாரிக் காட்டில் பல வருடங்களாக அதுதான் ஒரே விளைச்சல். அத்தை இந்த வருடம் கையிலிருந்ததையெல்லாம் போட்டு, ஜேசிபி வைத்து நிலத்தைச் சுத்தம் செய்திருந்தார். அடுத்த விதைப்புக்குப் பருத்தி போட்டே தீருவது என்று ஒரே பிடிவாதம். ஜேசிபிக்கு எட்டாத வரப்போரத்தில் ஆள் உயர மரம் ஒன்று மட்டும் மிச்சம். அது போதாதா?

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு, காலை பத்தரைக்கு அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினோம். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. வழியெங்கும் இரண்டு பக்கமும் கருவேலம்தான். ஜன்னல் ஓரம் கைவைத்து உட்காராதீர்கள். கிளை உள்ளே வந்து டிக்கெட் கேட்கும். ஊரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர் போனால் காடு.

"வாங்க மருமகனே, படிக்கச் சொன்னா பாம்பு கடிச்சாப்புல ஓடுவீக. மரம் தோண்ட மட்டும் பஸ்ஸு ஏறி வந்திருக்கீக" என்று வரவேற்ற அத்தை, கடப்பாரையையும் மண்வெட்டியையும் கொடுத்தார்.

செல்வின் அரிவாளைத் தேடினான். "ஏலே, வெட்டுனா அடுத்த மழைக்குப் பத்துக் கொப்பா தழையும். வேரோட எடுக்கணும்" என்று அவனுக்குப் பாடம் நடத்தியது நானேதான். மேலாகத் தழையை வெட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வது சேவையல்ல, முடிதிருத்தம். நாங்கள் இரண்டரை மணி நேரம் தோண்டினோம். வேர் வெளியே வந்தபோது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"கடைசி சனியனும் போச்சுய்யா! இனி இது ஏங் காடு" என்றார்.

சாயங்காலம் திரும்பும்போது அதே ஆட்டோக்காரர் முருகேசண்ணன் வந்தார். அருப்புக்கோட்டை வரைக்கும் முந்நூற்றைம்பது ரூபாய்.

"முள்ள வேலிக்குக் கொண்டு போவாக, அடுப்புக்குக் கொண்டு போவாக. நீங்க நடுவீட்டுக்குக் கொண்டு போறீகளே, வீட்ல பெரியவுக யாரும் இல்லையா?"

"சாமிக்குண்ணே."

"எந்த சாமியும் இதக் கேட்டிருக்காது தம்பி. டயரு பஞ்சரானா நீதான் உருட்டணும்."

வீட்டில் முதலில் பலூன் கட்டினோம். கட்டக் கட்ட வெடித்ததில் பட்டாசுச் செலவு மிச்சம். பிறகு பனிக்குப் பதில் பஞ்சைப் பிய்த்து வைத்தோம். பசை, நூல் எதுவும் வேண்டாம், முள்ளே பிடித்துக்கொண்டது. ஸ்டெல்லா மரத்தைச் சுற்றி வந்தாள். வேரைத் தொட்டுப் பார்த்தாள். "இதுன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் பாடினாள். பண்டிகை முடிந்ததும் மரம் செல்வின் வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போனது. குப்பை பூஜ்யம். பூமியைக் காப்பாற்றியவன் என்று என்னை நானே தெருவெல்லாம் அறிமுகம் செய்துகொண்டேன்.

நீங்களும் போவதாக இருந்தால்: மழை பெய்து மண் இளகிய பிறகு போங்கள், தோண்டுவது சுலபம். ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள், காட்டுப் பக்கம் கடை கிடையாது.

இத்தோடு முடித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அந்த மரம் நிறைய நெற்றுக்காய் பிடித்திருந்தது. மஞ்சளாக, கொத்துக் கொத்தாக. ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் அத்தனையையும் உலுக்கி அள்ளினேன். அத்தை காட்டில் அப்போது கிடை போட்டிருந்தார்கள், அதாவது எருவுக்காக ஆட்டு மந்தையை இரவில் நிலத்திலேயே அடைத்து வைப்பது. சாயங்காலம் ஆடுகள் திரும்பி வந்தன. அத்தை டீ போட வீட்டுக்குப் போயிருந்தார். "ஆட்டுக்கும் கிறிஸ்துமஸ்தான்டா" என்று பெருந்தன்மையாக எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்று விடாமல் தின்றன. நெற்று செரித்துவிடும், உள்ளே இருக்கும் விதை செரிக்காது என்பது எனக்குத் தெரியாது. விதை, எரு, இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போட்டிருக்கின்றன.

தை மாதம் தப்பி வந்த ஒரு மழைக்குப் பிறகு அத்தை போன் செய்தார். "கிடை போட்ட எடம் பூராம் கருவேலங்கன்னு மொளச்சுக் கெடக்கு மருமகனே. அந்தக் கிடைக்காரரு ஆடு எங்கிட்டு மேஞ்சுச்சோ! இனி அவுகளக் காட்டுக்குள்ள விடவே மாட்டேன்."

ஒரு பாவமும் அறியாத கிடைக்காரருக்குப் பிழைப்புப் போகப்போகிறது. உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை, "மம்பட்டி இங்கன இருக்கு. நீ மட்டும் வந்தாப் போதும்" என்றார். மரியாதைப் பன்மை போய்விட்டதைக் கவனித்தேன்.

ஞாயிறுதோறும் குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். விதைப்புக்குள் முடித்தாக வேண்டும். நான் பிடுங்கியது ஒரு மரம். நட்டது எத்தனை என்று அத்தை வரப்பில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்.