கலியாண வீடியோவில் நின்ற இருவர்

தம்பி சொன்னதை ஜேர்மனியில் நடந்த முதல் விசாரணையில் ஒருவரும் நம்பவில்லை. ஊரில் இராணுவம் பிடித்துப்போய் முகாமில் வைத்திருந்தது என்றான். உடம்பில் காயமில்லை, கையில் கடதாசி இல்லை, ஆகவே அகதி விண்ணப்பம் தள்ளுபடி. மேல்முறையீட்டிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிய ஆதாரம் ஏதாவது வேண்டும் என்று லோயர் சொன்னார்.

யோசனை எனக்குத்தான் வந்தது. நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அவன் முகாமில் இருந்த நேரத்தில்தான் ஊரில் எங்கள் தங்கைக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து லீவில் வந்தவர், தள்ளிப்போட வழியில்லை. எங்கள் வழக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சகோதரன். அம்மா அனுப்பிய கலியாண வீடியோவில் கால் கழுவுவதோ யாரோ ஒன்றுவிட்ட தம்பி. சொந்தத் தம்பி எங்கே போனான்? இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? அந்த இடம்வரை பார்த்துவிட்டுக் கசெற்றின் பிரதியொன்றை லோயரிடம் கொடுத்தேன். கலியாண வீடியோவைக் கடைசிவரை யார் பார்க்கிறார்கள்?

நீதிபதி பார்த்திருந்தார். சாட்சி சொல்ல என்னை உள்ளே கூப்பிட்டபோது டிவியில் வீடியோவின் முடிவு ஓடிக்கொண்டிருந்தது. மணமக்கள், பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் சிரித்தபடி தம்பி. அவனோடு ஒட்டி நான், பச்சைச் சேலையில்.

கலியாணம் நடந்த நேரம் நான் இங்கே கெல்சென்கிர்ச்சனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நானும் அகதியாக வந்தவள். ஊருக்குப் போய்வந்தேன் என்றால் என் விசாவும் ஆடும். "நீங்கள் அந்தக் கலியாணத்துக்குப் போனீர்களா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். திரையில் நிற்பது நானில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"நான்தான் உங்கட படங்களைப் போடச் சொன்னனான், பிள்ளை. நீங்கள் ரெண்டு பேரும் இல்லாமல் என்ன கலியாண வீடியோ? வீடியோக்காரன் வடிவாத்தானே ஒட்டியிருக்கிறான்."

வடிவாகத்தான் ஒட்டியிருந்தான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

எனது பச்சைச் சேலைப் படம் என் அல்பத்திலேயே கிடந்தது. பின்னால் ஹீட்டர், ஜன்னலுக்கு வெளியே பனி. ஊருக்கு நான் அனுப்பியது அதன் பிரதிதான். லோயர் அதைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்தார். தம்பியின் படத்தை வாங்கிக்கொண்டு போன வீடியோக்காரன் அதைத் திருப்பித் தரவேயில்லையாம். ஆளும் இப்போது ஊரில் இல்லையாம்.

தீர்ப்புக்குக் காத்திருந்த வாரங்களில் வீடியோவின் அந்த முடிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் கழுத்தோரம் கத்தரித்த கோடு தெரிந்தது. தம்பியைச் சுற்றிக் கோடு தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. ஒளித்து வந்து போயிருப்பானோ? வந்தவன் ஏன் கால் கழுவவில்லை? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். எனக்கோ விசாரிக்க விசாரிக்கக் குழப்பம்தான் கூடியது. கூடப்பிறந்தவனைச் சந்தேகிக்கிறேனே என்று என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. ஆனாலும் கசெற்றை மறுபடி ஓடவிட்டேன்.

தீர்ப்பு வந்தது. நான் அந்தக் கலியாணத்தில் இல்லை என்பதை நம்பினார்கள். தம்பி இருந்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடி.

நான் தீர்ப்பை வாசித்துத் தமிழில் சொல்லி முடித்தேன். தம்பி கேட்டான்.

"அக்கா, நீங்கள் என்னை நம்புறியள்தானே?"

"ஓம்" என்றேன். சொல்வதற்கு முன் என் கண் ஒருதரம் வீடியோ டெக்கின் பக்கம் போய்வந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.