பண்ணையார் வயலுக்கு மேலே

அப்பா செத்தபோது, தன் வரப்பில் பாடை போகக்கூடாதென்று பண்ணையார் வழிமறித்தார். வாய்க்காலில், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.

விமானப் பயிற்சியில், முதல்முறையாக வேளாங்கண்ணி வரை தனியாகப் பறந்து திரும்ப நானே வரைபடத்தில் பாதை போடவேண்டியிருந்தது. நீடாமங்கலம் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போனால் வழி தவறாது என்றார் பயிற்சியாளர். நான் ஸ்கேலை வைத்து, பண்ணையார் வயலுக்குக் குறுக்கே கோடு கிழித்தேன். அம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

மறுநாள் அந்தக் கோட்டிலேயே பறந்தேன். தரையிறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பாத்தானா அவன்?"

"வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தாரு. பிளேன் ஏன் இந்தப் பக்கமா போவுதுன்னு கேட்டாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"எம்பொண்ணுதான் போறா, முடிஞ்சா மறிச்சுப் பாருங்கன்னேன்."